குடோனில் இறங்கிய சீனக் காளான்

மூட்டை தூக்கும் கொக்கி முதலில் அட்டைப்பெட்டியைக் கிழித்தது. அடுத்த வீச்சில் முதலாளியின் தோளைக் கிழித்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. விருதுநகரில் அவருடைய பருப்பு மண்டியில் நான் குடோன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்கு ஊர் பாஸ்ட்புட் கடைகள் முளைத்ததும், துவரையையும் உளுந்தையும் விட்டுவிட்டு மனுஷனுக்குச் சீனக் காளான்மீது ஆசை வந்துவிட்டது. சோயா சாஸ், நூடுல்ஸ், கறுத்துச் சுருண்ட உலர்காளான் என்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாக லோடு லோடாக இறக்கினார். இன்று கல்யாணப் பந்தியிலேயே காளான் பரிமாறுகிறார்கள். அன்று அதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

தீபாவளி சீசன் நேரம். சீன வெடி திருட்டுத்தனமாக வந்து சிவகாசி ஆர்டர்களை அழிக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பெட்டிகளில் சீன எழுத்தைப் பார்த்த எவனோ ஒரு புண்ணியவான் புரளியைக் கிளப்பிவிட்டான். ஆர்டர் போய் வேலையில்லாமல் கிடந்த பட்டாசுத் தொழிலாளர்கள் திரண்டு வந்து குடோன் கதவை உடைத்தார்கள். அங்கே கிடந்த கொக்கியை ஒருவன் எடுத்து வீச, கிழிந்த பெட்டியிலிருந்து காளான் கொட்டியது. "இது ஏதோ புது வெடிமருந்துலே!" என்று ஒருவன் கத்தினான்.

"ஐயா, காளான்யா! திங்கிற சாமான்!" என்று முதலாளி அலறினார். யார் கேட்டார்கள்? அந்த வாயிலேயே குத்தினார்கள். என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஆளைக் கொல்லாமல் விடமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்த வீம்பு பிடித்த மனுஷன், ரத்தம் வழியும் கையால் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "வெடியான்னு நீங்களே பாருங்கடா!" என்று குச்சியைக் கிழித்துப் பெட்டியருகே கொண்டுபோனார். வெடி வெடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த கூட்டமல்லவா? ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். என்னைப் பிடித்திருந்தவர்களும் போய்விட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் ஓடாமல் பெட்டியை நோக்கி வந்தாள். வந்த வேகத்தில் எரிகிற குச்சியை உள்ளங்கையால் பொத்தி அணைத்தாள். மறுகையால் அவர் கன்னத்தில் விட்டாள் ஓர் அறை! கொக்கிக்கு விழாத மனிதர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் மகளை பேக்டரியில இருந்து கரிக்கட்டையாத்தேன் அள்ளிட்டு வந்தேன். நீ தீக்குச்சியா கிழிக்கிறே?"

முதலாளி ஒரு காளானை எடுத்து மென்று விழுங்கிக் காட்டினார். அவள் அவர் வாயையே வெறித்துப் பார்த்தாள். அது வெடியில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"வெடின்னு நெனச்சுக்கிட்டா ஓடி வந்தே, தாயி?" என்று கேட்டார்.

"அடிக்கத்தேன் வந்தோம்," என்றாள். "அதுக்காக, ஒரு மனுசன் எரிஞ்சு போறதப் பாத்துட்டு இருப்பாகளா?"