பதினோரு வீடும் ஒரு பகலும்

"...உங்க பெரியம்மா வூட்டுல காப்பி குடிச்சா, சின்னம்மா வூட்டுல கோவம். நீ கப்பலேறிப் பூடுவ, அந்தப் பேச்சக் கேக்கறது நானு!" துறைமுக வாசலில் என்னைப் பார்த்த கையோடு மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

நான் அப்போது ஒரு சுற்றுலாக் கப்பலில் துணி துவைக்கும் பிரிவில் இருந்தேன். ஒன்பது மாதம் கழித்து, கப்பல் ஒரே ஒரு பகல் சென்னையில் நின்றது. மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். ராயபுரத்தில் எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம் உண்டு: கப்பலுக்குப் போனவன் திரும்பினால், சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய்க் கை நனைக்க வேண்டும். யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி, வீட்டுக்கு அரை மணி என்று பதினோரு வீட்டை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.

அவள் சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "இதுல நான் எந்த அர மணி நேரம்யா?"

சீட்டை வாங்கி நானும் ஒருமுறை பார்த்தேன். "நீயும் கூடத்தான வரப்போற?"

"வந்து? நீ குந்திகினு பலகாரம் துன்னுவ, நான் அவங்க அடுப்பாண்ட நின்னு வட சுடணும்."

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கக்கா போவணும்?" என்றார்.

"எண்ணூர் பீச்சுக்கு."

"ராயபுரம் வழியாத்தான் போவணும். உங்க ஆளுங்க யார்னா பாத்துட்டா?"

அவள் என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறி, கொளுத்தும் வெயிலில் மழைப் படுதாவை இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டினாள்.