சுவருக்கு இந்தப் பக்கம்

தையலக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வாசல் அறையில் மெஷினைப் போட்டு, பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கட்டிலில் கணவர், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோனவர். பேச்சும் குழறியது. அவர் சொல்வது அவள் ஒருத்திக்குத்தான் புரியும். "திட்டறதும் எனக்கு மட்டுந்தான் புரியுது, மானம் பொழச்சுது" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு போன மழையோடு போய்விட்டது. தெருவுக்குப் பின்னால் தாழ்வான வெற்றுநிலம் ஒன்று கிடந்தது. எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் அங்கே பரவி, மெல்ல வாய்க்காலில் இறங்கிவிடும். ஒரு கட்டட நிறுவனம் அதை வாங்கி, லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பியது. அடுத்த பெருமழையில் போக்கிடம் இல்லாத தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் அவளுமாகக் கட்டிலைத் தூக்கித் துணி வெட்டும் மேசைமேல் வைத்தார்கள். மேசை ஆடியது. தண்ணீர் வடியும்வரை அவள் மேசைமேலிருந்த கட்டில்காலைக் கட்டிப்பிடித்தபடி இடுப்பளவு நீரில் நின்றாள்.

அதற்கப்புறம்தான் நகராட்சிப் படியேறினாள். முதலில் தெருவே திரண்டு வந்தது. பொறியாளர் ஒருவர் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே எழுதுகிறேன் என்றார். மேலே போய்க் கேட்டால், வாய்க்கால் வேறு துறை. அந்தத் துறைக்குப் போனால், சுவர் நகராட்சி.

"அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னாங்க. அம்மிகூட நகந்துடும், இந்த ஆபீஸ் நகராது" என்றாள் மளிகைக்கடைக்காரம்மா.

பிழைப்பை விட்டுவிட்டு எத்தனை நாள்தான் வருவார்கள்? கூட்டம் கரைந்தது. ஆட்டோக்காரர் வீட்டையே காலி செய்துகொண்டு போனார். கடைசியில் இவளும் கடைக்காரம்மாவும்தான் மிச்சம். நச்சரிப்புத் தாங்காமல் நகராட்சித் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு முதல்நாள் தம்பி வந்தான். பஸ் ஓட்டுகிறவன்; இவள் தைத்த காசில் படித்தவன். மாமாவின் போர்வையைச் சரிசெய்வதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக நேரம் கடத்தினான்.

"என்னடா, மென்னு முழுங்காம சொல்லு."

"அந்தக் கட்டடத்துல நான் ஒரு வீடு வாங்கியிருக்கேன்க்கா. மூணாவது மாடி. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"நீங்கல்லாம் போய் நின்னா வேலைய நிறுத்திடுவாங்கன்னு பேசிக்கறாங்க. எங்கிட்ட இருந்ததெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கக்கூடாதா?"

"எத? தண்ணியவா?"

"உன்னையும் மாமாவையும் நான் அங்க கூட்டிட்டுப் போயிடறேன்."

"தெருவையும் கூட்டிட்டுப் போவியா?"

அவன் எழுந்து போனான். மறுநாள் கூட்டத்தில், வீடு வாங்கியவர்களோடு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யார் வீட்டையும் இடிக்கச் சொல்லலீங்க. சுவத்துக்கு அடியில தண்ணி போக வழி விடுங்க. அவ்வளவுதான்" என்றாள். தலைவர் தலையாட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள் கைகூப்பினாள். "ஐயா, எங்க வீட்டுக்காரரால எழுந்து ஓட முடியாது."

ஒரு குழாய் பதித்தார்கள். யானைப்பசிக்குச் சோளப்பொரி. முதல் மழையிலேயே செங்கல் உடைசலும் சிமெண்டுப் பைகளும் அதை அடைத்துக்கொண்டன. அதற்குள், வேலை முடிந்த மாடிகளில் தம்பியும் வேறு சிலரும் குடிவந்துவிட்டார்கள்.

இரண்டாவது மழை காலையில் பிடித்தது. மதியத்துக்குள் வீட்டின் பின்சுவர் சரிந்து, வெள்ளம் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. மேசை மிதந்துபோனது. அவள் கணவரின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கத்தினாள். கேட்க ஆளில்லை. குரல் கட்டி, கை மரத்து, இனி பிடி நழுவிவிடும் என்ற நிலையில் தம்பி நீந்தாத குறையாக வந்து சேர்ந்தான், கூடவே கட்டட வேலைக்காரர் இரண்டு பேர்.

கணவர் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். வாய் கோணக் கோண ஏதோ சொன்னார்.

"மாமா என்ன சொல்றாரு?"

'அங்க வேணாம். செத்தாலும் இங்கயே கெடக்கறேன்' என்றுதான் அவர் சொன்னார்.

"சீக்கிரம் தூக்கச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து பிரித்தாள்.

தண்ணீர் வடிந்தபோது வீடு வீடாக இல்லை. மூன்றாவது மாடியில் தம்பி ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தான். கணவர் அங்கே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தவர்தான், அவளிடமும் பேசவில்லை. லிப்ட் அருகே நின்றவர்கள், "இவங்கதான் நம்ம சுவர உடைக்கச் சொல்றவங்க" என்று அவள் காதில் விழவே பேசினார்கள். தெருவிலோ, அக்கா அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று பேச்சு. இரண்டு பக்கமும் எரியும் கொள்ளிக்கு நடுவே எறும்பானாள். ஆனாலும் மறுபடி நகராட்சிக்குப் போனாள்.

"நீங்கதான் இப்ப அந்தத் தெருவுல இல்லையேம்மா. இருக்கறவங்க வந்து கேக்கட்டும்" என்றார் பொறியாளர்.

"என் வீடு அங்கதாங்க இருக்கு."

"வீடு இருக்கா?"

அவள் படியிறங்கினாள். நேரே கடைக்காரம்மாவிடம் நடந்தாள். அந்தம்மா கடை அலமாரித் தட்டுகளில் காய்ந்த சேற்றைத் தகரத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ வந்து கேளு. நான் பக்கத்துல நிக்கறேன்."

கடைக்காரம்மா நிமிரவில்லை. "உனக்கென்னக்கா, மூணாவது மாடி."

அக்கா அந்தச் சொல்லையும் விழுங்கினாள். மூலையில் கிடந்த இன்னொரு தகரத்துண்டை எடுத்துக் கீழ்த்தட்டைச் சுரண்ட உட்கார்ந்தாள். கடைக்காரம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெளியே தூறல் விழ ஆரம்பித்ததும் இருவர் கையும் ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் வேகமாகச் சுரண்டினார்கள்.