பாதிப் பேர்

ராணுவ மருத்துவமனையின் பின்பக்கத்தில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி, செயற்கைக் கால் செய்யும் பட்டறை இருந்தது. அங்கே அவரை எல்லோரும் ஜெனரல் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்தவர் இல்லை. பிறவியிலேயே வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. பத்தொன்பது வயதில் ஆளெடுக்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். மார்பளவு, கண், பல் எல்லாம் தேறிவிட்டன. கடைசியாக நடந்து காட்டச் சொன்னார்கள். நான்காவது அடி வைப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதை அவர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார், சிரித்துக்கொண்டு.

கால்களுக்குத் தோல் வார் தைப்பது என் வேலை. அவர் மேசைக்கு அடுத்த மேசை எனக்கு. பதினோரு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் புத்தகத்தைப் புரட்டுவார். எல்லாம் படைத்தலைவர்கள் கதைதான். ஹானிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியது, நெப்போலியன் எதிரிகள் விட்டு இறங்கிய மேட்டைப் பிடித்தது, மங்கோலியத் தளபதி சுபுதாய் உறைந்த ஆறுகளின் மேல் குதிரைகளை ஓட்டியது. சொல்ல ஆரம்பித்தால் டம்ளர், சாவி, என்னுடைய ஊசி டப்பா எல்லாம் படைப்பிரிவுகளாகிவிடும்.

"இங்க பாரும்மா, நடுவுல இருக்கிறவங்க பின்னால போறாங்க. எதிரி ஜெயிச்சிட்டோம்னு நெனச்சு உள்ள வர்றான். ரெண்டு பக்கமும் கதவு சாத்துற மாதிரி ஹானிபால் மூடிட்டாரு. முடிஞ்சுது கதை."

"அண்ணே, அந்த டப்பாவக் குடுங்க, வேலை கிடக்கு" என்பேன்.

அவருக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். சின்ன வயதில் இருவரும் ஒரு நோட்டில் உலகத்தின் தலைசிறந்த பத்துப் படைத்தலைவர்கள் என்று பட்டியல் போட்டு, மாதம் ஒரு முறை சண்டை போட்டு மாற்றி எழுதுவார்களாம். தம்பிக்கு அலெக்சாண்டர்தான் முதலிடம், தோற்றதே இல்லை என்பதால். "அப்பன் சேத்து வச்ச படைய வச்சு யாரு வேணா ஜெயிக்கலாம்" என்பாராம் இவர். "உன் ஹானிபாலுக்கு மட்டும் படை ஆகாசத்துலருந்தா வந்துச்சு? அதுவும் அப்பன் குடுத்ததுதான்" என்று திருப்பிக் கொடுப்பானாம் அவன்.

பள்ளி முடித்ததும் தம்பிக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. ராணுவத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பத்தை வாங்கி வந்து எழுதியது இவர்தான். கையெழுத்து மட்டும் அவன் போட்டான். நடந்து காட்டும் சோதனையில் அவன் தேறி வந்த அன்று பட்டறை முழுவதற்கும் இனிப்பு கொடுத்தார். எனக்கு இரண்டு.

தம்பி ஆறு வருடம் எல்லையில் இருந்தான். கல்யாணம் ஆனது. பெண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, எப்போதும்போல வார்டிலிருந்து வேலைச் சீட்டுகள் வந்தன. ஜெனரல்தான் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது சீட்டில் 'இடது கால், முழங்காலுக்கு மேல்' என்று எழுதி, அதன்மேல் தம்பியின் பெயர் இருந்தது. குடும்பத்துக்குச் சொல்லவேண்டிய தகவல், தம்பி மனைவிக்கு எட்டுவதற்கு முன்னால், இவர் கைக்கு வேலையாக வந்து சேர்ந்துவிட்டது.

சீட்டை என்னிடம் நீட்டினார். "இந்த எழுத்து சரியாத் தெரியலை. கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா."

நான் படித்தேன். அவர் தலையாட்டினார். கையிலிருந்த அரத்தைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வார்டுக்குப் போனார்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. அளவெடுக்க அவனைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். வேறு யாராவது எடுக்கட்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். ஜெனரல் கேட்கவில்லை. தம்பியின் தொடையில் ஈரத் துணியைச் சுற்றி, மாவுக்கட்டை அடுக்கடுக்காகப் போட்டார். அது இறுகும்வரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பேச்சு வேண்டுமே என்று ஜெனரல் பழைய பேச்சை எடுத்தார்.

"ஹானிபாலுக்கும் ஒரு கண்ணு போச்சுடா. சதுப்பு நிலத்துல போகும்போது. அதுக்கப்புறம்தான் பெரிய போரையே ஜெயிச்சாரு."

தம்பி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். குரலில் கோபமே இல்லை.

"அண்ணா, அவரு ஆல்ப்ஸைத் தாண்டினப்போ எத்தனை பேரு செத்தாங்க?"

"படையில பாதிப் பேருன்னு சொல்றாங்க."

"அந்தப் பாதிப் பேருக்குப் பேரு இருந்திருக்கும்ல?"

ஜெனரல் மாவுக்கட்டின் விளிம்பைத் தடவிச் சரிசெய்தார். மாவு வெள்ளை வெள்ளையாக அவர் மணிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க கமாண்டரும் நல்லவருதான்" என்றான் தம்பி. "எல்லாருக்கும் முன்னால நடப்பாரு. கண்ணிவெடி வரைபடத்துல அந்தப் பாதை சுத்தமா இருந்துச்சு. நான் தண்ணி கேன் எடுக்க நாலு அடி தள்ளிப் போனேன். அவ்வளவுதான். சண்டைகூட இல்லண்ணா."

பிறகு அவனாகவே, "இறுகிடுச்சா பாரு, அரிக்குது" என்றான்.

அந்தக் காலுக்கு ஜெனரல் பட்ட பாடு எனக்குத் தெரியும். தொடை நுழையும் கூட்டை மூன்று முறை செய்தார். முதலில் செய்தது விளிம்பில் அறுத்தது. இரண்டாவதில் அவருக்கே திருப்தி இல்லை. உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். எங்காவது சொரசொரத்தால் மறுபடி உப்புக் காகிதம். என்னிடம் மூன்று வார் தைத்து வாங்கி, மூன்றிலும் மெல்லியதைத் தேர்ந்தெடுத்தார். அந்த வாரங்களில் சாப்பாட்டு நேரத்தில் அவர் புத்தகம் எடுக்கவில்லை.

கால் பொருந்தியது. நடை பழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தம்பி எழுந்து நின்றபோது ஜெனரல் எதிர்முனையில் நின்றார். "வா" என்றார். அவன் வந்தான். நான்கு, ஐந்து, ஆறு. கம்பியை விட்டுவிட்டு அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "உன்னை மாதிரியே நொண்டுறேன் பாரு" என்று சிரித்தான். ஜெனரலும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை.

தம்பி வீட்டுக்குப் போனான். பதினேழாம் நாள் காலை மகளுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தவன் மூச்சு முட்டிச் சாய்ந்தான். காலில் எங்கோ உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரைகூட இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து தம்பி மனைவி பட்டறைக்கு வந்தாள். இளம் பெண். துணிப்பையில் காலைக் கொண்டு வந்திருந்தாள். செயற்கைக் காலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அது வழக்கமாக எல்லோருக்கும் போவது, யாரும் யோசித்து அனுப்பியதில்லை.

"இதை வேற யாருக்காவது போடுவீங்களா மாமா?"

"முழுசாப் போட முடியாதும்மா. மூட்டு, குழாய், பாதம் இதெல்லாம் கழட்டி வேற ஆளுக்குப் போடலாம். இந்தக் கூடு மட்டும் அவன் அளவு. யாருக்கும் சேராது."

"அப்ப கழட்டுங்க."

அவர் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அவள் நின்றே பார்த்தாள். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

"ஃபாரம் எழுதினது நான்தாம்மா" என்றார் ஜெனரல், தலை நிமிராமல். "அவன் கடையிலயே இருந்திருப்பான்."

"தெரியும் மாமா. சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணனுக்குக் கிடைக்காததை நான் வாங்கிட்டு வந்து குடுக்கணும்னு நெனச்சேன்னு சொன்னாரு. உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அவருக்கு இல்ல. அதையும் நான் சொல்லணும்ல?"

திருப்புளி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் எடுத்தேன். கடைசித் திருகாணியை நானே கழற்றினேன்.

கூடு தனியாக வந்தது. அதை அவர் கணக்கில் காட்ட வேண்டும், உடைத்துக் குப்பையில் போட வேண்டும். அவர் ஒரு சுத்தமான துண்டை எடுத்து உள்ளும் புறமும் துடைத்தார். அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு வழவழன்னு இருக்கு" என்றாள். பைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குப் பெரியப்பா வேணும். ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே அந்தப் பாதம் இன்னொரு சிப்பாய்க்கு ஒதுக்கப்பட்டது. இருபத்திரண்டு வயது, வாய் ஓயாமல் பேசுகிறவன். ஜெனரல் அவனை உட்காரவைத்து, அளவெடுக்கும் முன்னால், சீட்டைப் பார்க்காமல் அவன் வாயாலேயே கேட்டார்:

"உன் பேரு என்னப்பா?"

அவன் சொன்னான். அவர் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, துணியை நனைக்கத் தண்ணீர் பிடிக்கப் போனார்.