தம்பியின் சடை

என் தம்பிக்கு நான்கு வயது வரை சடை இருந்தது. பேருக்கு ஒரு குடுமி என்று நினைத்துவிடாதீர்கள். பின்னி ரிப்பன் கட்டினால் முதுகில் பாதி வரை வந்து விழும் நிஜமான சடை. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் எந்தப் பெண் குழந்தைக்கும் அவ்வளவு முடி கிடையாது. ஒன்பது வயதுக்காரியான எனக்கு இருந்தது எலிவால்தான். அந்த வயிற்றெரிச்சலும் இந்தக் கதையில் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

அவன் யுத்தத்தின் நடுவில் பம்பாயில் பிறந்தவன். பிறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் கடுமையான காய்ச்சல் கண்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன அன்று, திருநெல்வேலிப் பக்கம் குளத்தங்கரையில் இருக்கும் எங்கள் சாஸ்தாவுக்கு அம்மா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்கு. பங்குனி உத்திரத்தன்று தாய்மாமன் மடியில் உட்கார வைத்து உன் சந்நிதியிலேயே இறக்குகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். கத்தரி படாமல் முடியும் வளர்ந்தது. ஊருக்குப் போகத்தான் வழி பிறக்கவில்லை. ஒரு வருஷம் ரயில்களையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மறு வருஷம் அப்பாவுக்கு லீவு இல்லை. அதற்கடுத்த பங்குனியில் அம்மா நிறைமாதம், தங்கை பிறந்தாள்.

அப்பா ஒரு கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. எதையும் சுருக்கமாக முடிப்பதில் நம்பிக்கை உள்ளவர். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆரம்பிப்பார்.

"சாமி எல்லா இடத்துலயும்தான இருக்கு. இங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கோயில்லயே முடிய இறக்கிரலாமே."

"சாமி எல்லா இடத்துலயும் இருக்கும். எந்தம்பி மடி எங்க இருக்கு?" என்பாள் அம்மா.

பேச்சு அத்துடன் நின்றுவிடும். அம்மா அப்பாவிடம் எதிர்த்துச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

பாஷை தெரியாத ஊரில், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பது என்னவென்று அம்மாவைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்லுவாள். ஊரில் குளிக்கப் போகிறவள் பிள்ளையை யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போவாள். இங்கே அம்மா குளிக்கும்போது கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே குளிப்பாள். ரேஷன் கடைக்குப் போக வேண்டுமென்றால் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பியின் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி அதன் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு ஓடுவாள். அவன் ஜன்னலில் நின்றபடி தெருவில் போகிறவர்களிடம் இந்தியில் குசலம் விசாரிப்பான். கறிகாய் வண்டிக்காரனிடம் கற்ற வசவுகளையும் வேண்டியவர்களுக்குத் தாராளமாக வழங்குவான். அம்மாவுக்கு அவை புரியாது. பிள்ளை எவ்வளவு சரளமாகப் பேசுகிறான் என்று பூரித்துப் போய்க் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவன்தான் துபாஷி. பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னால், நாளைக்கு இரண்டு பங்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவான். பால் அவனுக்குப் பிடிக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துதான் ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்தி அம்மாள் இருந்தாள். நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தி தெரியாது. மத்தியான வேளையில் இருவரும் நடையில் உட்கார்ந்து அவரவர் பாஷையில் மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு சங்கடமும் இல்லாமல் தலையாட்டிக்கொள்வார்கள். காக்கு சில நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சடையில் பூ வைத்து அனுப்புவாள். அவன் அப்படியே தெருவில் இறங்கி, சுவரோரம் நின்றுகொண்டு ஒன்றுக்கிருப்பான். பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள்.

அந்தச் சடையைப் பின்னும் வேலை என்னுடையது. தினமும் காலையில் அவன் போடும் கூச்சலில் மூன்று மாடியும் விழித்துக்கொள்ளும். முதல் மணி அடித்த பிறகுதான் நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னைக்கு இந்த முடி இறங்குதோ, அன்னைக்குத்தான் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்" என்பாள். ஒவ்வொரு நாளும் சொல்லுவாள். நானும் ஒவ்வொரு நாளும் கேட்டேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அப்பாவுக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறோம் என்று மாமாவுக்குக் கடிதம் போயிற்று. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே அம்மா கட்டிலுக்கடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து நடு அறையில் வைத்துவிட்டாள். நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். மாமா மகளுக்குக் கண்ணாடி வளையல், மாமாவுக்கு வேட்டி, எங்களுக்குப் புதுத்துணி என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. வைத்ததை எடுத்து மறுபடி வைப்பாள். எங்களுக்குச் சோறு ஊட்டும்போதுகூட அதே பேச்சுத்தான்.

"போய் இறங்கினதும் மூணு பேரையும் எந்தம்பிகிட்ட ஒப்படச்சிருவேன் பாத்துக்க. ரெண்டு நாளைக்கு என்னைய யாரும் எழுப்பப்பிடாது" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். நான் சம்மதித்தேன்.

கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. தங்கைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல், இரவு பகலாக அழுகை. தம்பியின் தலையில் பேன் பொங்கி வழிந்தது. கீழ்வீட்டுப் பையன்கள் அவனைச் சடையைப் பிடித்து இழுத்துக் குதிரையோட்டினார்கள். இனிமேல் வெளியே போகமாட்டேன் என்று அவன் தரையில் விழுந்து புரண்டான். அன்று சனிக்கிழமை. அம்மா அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசுவதற்குள் தங்கை வீறிட்டாள், அடுப்பில் பருப்பு பொங்கியது, சீயக்காய்த் தண்ணீர் கண்ணில் பட்டு அவன் அம்மாவின் கையைக் கடித்துவிட்டான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாராவது இந்தச் சனியன் புடிச்ச முடிய எடுத்துவிட்டா, அவுகளுக்குக் கோயில் கட்டிக் கும்புடுவேன்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

எனக்கு அம்மாமேல் பரிதாபம் பொங்கியது. தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகும் என்மேலும் கொஞ்சம் பொங்கியது. சாமிக்கு முடிதானே வேண்டும், இங்கே எடுத்தால் என்ன, அப்பாவே சொல்லுகிறாரே என்று யோசித்தேன். முடி வேறு, ஊர் வேறு. முடி போனாலும் ரயில் இருக்கும், மாமா இருப்பார், வளையல் பெட்டிக்குள் இருக்கும். ஒன்பது வயதில் என் கணக்கு இவ்வளவுதான்.

அம்மா தங்கையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது, ஈரத் தலையுடன் தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கினேன். கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு வெளியே, மரத்தடியில், வடக்கத்தி நாவிதர் ஒருவர் செங்கல்லைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மழித்துவிடுங்கள் என்று இந்தியில் சொன்னேன்.

அவர் விரிந்து கிடந்த முடியைப் பார்த்தார். "பெண் குழந்தைக்கா? வீட்டில் அடிப்பார்கள், போ" என்றார். தம்பி தான் யாரென்பதை உடனே நிரூபித்தான். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி தலையைத் தடவித் தடவிச் சிரித்தான். நான் அவனைவிடச் சந்தோஷமாக இருந்தேன். எனக்குக் கோயில் கட்டப்போகிறார்களே.

அம்மா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் அடிக்கவும் இல்லை.

"ஏட்டி, முடி எங்க?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மரத்தடியில் கிடக்கிறது என்றேன். அம்மா தங்கையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் காக்குவின் கையில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். ரேஷன் கடைக்கு அப்பால் தனியாகப் போயறியாதவள். ட்ராம் வரும் பாதையை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அதற்குள் மரத்தடியில் இன்னும் இரண்டு மூன்று பேர் தலை கொடுத்திருந்தார்கள். நாவிதர் துடைப்பத்தால் எல்லா முடியையும் ஒரே குவியலாகக் கூட்டித் தள்ளியிருந்தார். அம்மா அதன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, எம்பிள்ள முடி. சாமிக்கு நேந்த முடி" என்று சுத்தத் தமிழில் சொன்னாள். நான் பெயர்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் புரிந்துகொண்டுவிட்டார். முடிவெட்டக் காத்திருந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டு அவரும் எதிரே குந்தி உட்கார்ந்தார். யார் யாருடையதோ முரட்டு முடிகளுக்கு நடுவிலிருந்து மெல்லிசாக, செம்பட்டையாக, சீயக்காய் மணத்துடன் இருந்தவற்றை மட்டும் இருவரும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். பாதிக்கு மேல் காற்று தெருவுக்குக் கொண்டுபோயிருந்தது. கடைசியில் ஒரு பிடிதான் தேறியது. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். மொட்டையைப் பார்த்து முதலில் திடுக்கிட்டார், பிறகு சிரித்தார். என்னை ஒப்புக்குக் கொஞ்சம் திட்டினார். காப்பி குடித்து முடித்ததும் நிதானமாகச் சொன்னார்.

"அதான் முடி போயிட்டுல்லா. இனி இவ்வளவு பேரும் மூணு நாள் ரயில்ல இடிபட்டுப் போய் என்ன செய்யப் போறோம்? முடிய ஆள்கிட்ட குடுத்தனுப்பிருவோம். லீவ அடுத்த வருசத்துக்கு வச்சுக்கிடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதைப் போல அது அவருக்குத் தெளிவாக இருந்தது. அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். என் தம்பியைப் பார்க்க வேண்டும், என் வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டு நாள் தூங்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெண் டிக்கெட் கேட்கிற காலம் இல்லை அது. சாமி கேட்டால்தான் உண்டு. சாமிக்கு வேண்டியது ஒரு பிடியாக முந்தானையில் இருந்தது.

"சரி" என்றாள்.

மறுநாள் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது. வீட்டில் நடக்க இடம் கிடைத்தது. காலையில் கூச்சல் இல்லை. நான் நேரத்தோடு பள்ளிக்கூடம் போனேன். நான் செய்த காரியத்தால் எல்லாருக்கும் நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மாதான் சாப்பிடும்போது எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் தீரச் சில நாள் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் அந்த வாரம் திருநெல்வேலிக்குப் போவதாக இருந்தார். முடியை வாங்கிக்கொண்டு போய் மாமாவிடம் கொடுக்கச் சம்மதித்து வந்தார். அப்பாவும் அவரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் அம்மா ஒரு மஞ்சள் துணியை விரித்து, தம்பியின் முடியை வைத்து, அதன்மேல் ஒரு காசும் வைத்தாள். முடிச்சுப் போடப் போனவள் கையை எடுத்துவிட்டாள். எழுந்து கதவைச் சாத்தினாள். தன் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்த கத்தரியை எடுத்து, நுனியில் நான்கு விரற்கடை அளவு முடியை நறுக்கினாள். அதைத் தம்பியின் முடியோடு சேர்த்து வைத்துத் துணியை இறுக்கி முடிந்தாள். நிமிர்ந்தபோதுதான் நான் மூலையில் இருப்பதைக் கண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லாதட்டி" என்றாள்.

நான் சொல்லவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் தேறியது ஒரு பிடிதானே, சாமிக்குக் குறைந்துவிடக் கூடாதென்று அம்மா தன் முடியைப் போட்டு அளவைச் சரிக்கட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று வியந்துகூடக் கொண்டேன். அவள் ஊர் மண்ணை மிதிக்க அதற்குப் பிறகு இன்னும் நான்கு வருஷம் ஆயிற்று. அந்தப் பங்குனிக்கு அவளால் ஊருக்குப் போக முடிந்தது அந்த நான்கு விரற்கடை அளவுதான் என்று இப்போது தெரிகிறது.

அன்று அது தெரியவில்லை. சிநேகிதர் முடிச்சைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அம்மா நடைக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, "பத்திரம் அண்ணாச்சி, பத்திரம்" என்று அவர் தெருத் திரும்பும் வரை சொல்லிக்கொண்டே நின்றாள். முடிக்குப் போய் என்ன பத்திரம் என்று நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.