கருப்பு சேராத பத்திரிகை

அன்சர் பாயோடு கல்யாணத்துக்குப் போனால் மானம் போய்விடும். பந்தியில் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பார். பத்திரிகை கையில் கிடைத்தால் ஓரத்தைக் கிழிப்பார். தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமாம். பெண் வீட்டார் முறைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் நான்தான் பல்லைக் காட்டிச் சமாளிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரே அச்சகத்தில்தான் இருவருக்கும் வேலை. அவர் மிஷின்மேன். நான் செந்தமிழ்ச்செல்வி, கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவள். எங்களுடையது ஒரு தடவைக்கு ஒரே கலர் மட்டும் ஓடும் ஆஃப்செட் மிஷின். போட்டோ வைத்த வேலை என்றால் ஒரே தாளை மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்று நாலு தடவை ஓட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு மைக்கும் நடுவில் ரோலரை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். கல்வராயன் மலைப்பக்கம் மழை பிடித்தால் இங்கே தாள் ஈரம் குடித்து விரிந்துவிடும். முதல் மையின் மேல் அடுத்த மை நேராக உட்காராது. மற்ற மிஷின்மேன்கள் மழையைத் திட்டுவார்கள். இவர் ஸ்கேலோடு குனிந்து தாள் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளப்பார். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஆவணியில் வடக்கனந்தலில் இருந்து வீரமுத்து என்பவர் மகள் சந்தியாவோடு வந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பாடுபடுகிறவர். மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். சந்தியா ஒரு சின்னக் கருப்புவெள்ளைப் படத்தை மேசைமேல் வைத்தாள். அவள் அம்மா பாப்பாத்தி. மகள் தவழும்போதே இறந்துபோனவர். அவருடையது கோயிலில் வைத்துத் தாலி கட்டிய கல்யாணம், அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை. ரேஷன் கார்டுக்காக எடுத்த இந்த ஒரு படம்தான் வீட்டில் மிஞ்சியது.

"அம்மா போட்டோ இல்லாம பத்திரிக வாணாம்" என்றாள் சந்தியா.

"போட்டுக்கலாம். ஆனா கருப்பு மை ஒரு சொட்டு சேரக்கூடாது" என்றார் வீரமுத்து. "இதே படத்த வெச்சித்தான் கருமாதிப் பத்திரிக அடிச்சோம். முழுக்கக் கருப்பு. அந்த மூஞ்ச இன்னொரு தபா அப்பிடிப் பாக்க என்னால ஆவாது."

கல்யாணப் பத்திரிகையில் கருப்பு வேண்டாம் என்று எல்லாரும் சொல்வதுதான். எழுத்தை மெரூனில் போட்டுவிடுவோம். போட்டோவுக்குள் கருப்பு ஒளிந்திருப்பது வருகிறவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்வதில்லை. "சேராதுங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மிஷின் பக்கமிருந்து குரல் வந்தது.

"சேரும்ங்க. போட்டோன்னா நாலு மையும் உண்டு."

பாய் வாயில் மை துடைக்கும் கழிவுத் துணியைத் திணிக்கலாம் போலிருந்தது எனக்கு. வீரமுத்து படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். "அப்ப பத்திரிகையே வாணாம்ப்பா" என்றாள் சந்தியா. அவள் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. "செல்வி, கருப்ப எடுத்துட்டு மீதி மூணு மைலயே இந்தப் படத்த அடிச்சா இன்னா ஆவும்? நான் பாத்ததே இல்லியே."

மூன்று மையும் சரியளவில் சேர்ந்தால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். ஒன்று இம்மி கூடினாலும் முகம் அந்த நிறத்துக்குச் சாய்ந்துவிடும். எங்கள் மிஷினை நம்பி அதில் இறங்க எனக்குத் தைரியமில்லை. "அம்மா பச்சையா வந்தா நீங்களே பதில் சொல்லிக்குங்க பாய்" என்றேன். அவர் அதற்குள் வீரமுத்துவின் பையிலிருந்து படத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்.

படத்தை மூன்று மைக்குப் பிரித்துப் பிளேட் எடுத்துக் கொடுத்தேன். ஐவரி போர்டு அட்டையில் முதலில் மஞ்சள் ஓடியது, அது காய்ந்ததும் நீலம். பாப்பாத்தி அம்மாள் பச்சையாகத்தான் இருந்தார். பாக்கி இருந்தது மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பு. அது ஓடும் நாளில் வீரமுத்து மகளோடு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கருப்பு மை டப்பாவை யாரும் திறந்துவிடாமல் காவல்.

மிஷின் ஓடத் தொடங்கும்போது மை நிதானத்துக்கு வராது. முதல் தாள்களில் சிவப்பு அப்பிக்கொண்டு வந்தது. பாய் அவற்றை உருவிக் கீழே போட்டுவிட்டு, மைத் தொட்டியின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். சிவப்பு குறைந்து குறைந்து, முகம் சுத்தமான சாம்பலாகிவிட்டது. கூந்தல்கூடக் கருப்பாகவே தெரிந்தது.

"வந்துட்ச்சி! செல்வி, வந்து பாரேன்!" என்று கத்தினார். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

வீரமுத்து அதைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. "இதான் பாய். இப்பிடித்தான் இருப்பா."

"ஐய, அது வேஸ்ட்டுங்க. சிகப்பு ஜாஸ்தி ஆய்ட்ச்சி."

"இத விடக் கொஞ்சம் கம்மி. மாநெறம். இப்பிடியே அடிச்சிக் குடுங்க."

பாய் மிஷினை நிறுத்தினார். எனக்கோ என் டிசைன் கவலை. "முகத்துல சிகப்ப ஏத்துனா, அதே திருகுதான, அதே வரிசைல கீழ இருக்கற வாழமரமும் செவந்துடும்ங்க" என்றேன்.

"செவ்வாழன்னு நெனச்சிக்கப் போறாங்க, வுடும்மா" என்றார் வீரமுத்து.

"எவ்ளோ ஏத்தறதுங்க?" என்று கேட்டார் பாய். "வாயால சொன்னா கலரு வராது. பாத்து அடிக்க எதனா வேணும்."

வீரமுத்து சொல்லிப்பார்க்க வாயெடுத்தார். முடியவில்லை. சட்டென்று மகளின் மணிக்கட்டைப் பிடித்து, வளையல்களை மேலே தள்ளி, கையை மேசைமேல் வைத்தார். "இந்த நெறம்."

சந்தியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியேப்பா" என்றாள்.

பாய் ஒரு திருகைத் திறப்பார், மிஷினை ஓட்டித் தாளை உருவுவார், அவள் கைக்குப் பக்கத்தில் வைப்பார். "ஓவரா பூட்ச்சி." மறுபடி இறுக்குவார். "பத்தல." கடைசியில் ஒரு தாளை வைத்தவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. வீரமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கலரு புட்ச்சிக்கினேன். கைய எடுத்துக்கம்மா" என்றார் பாய்.

சந்தியா எடுக்கவில்லை. "இருங்க பாய். இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.