காரைக்காலில் பரிமாறியவர்

மகனுக்குக் காரைக்காலில் பெண் பார்த்த அன்று, பெண்ணின் அப்பா எங்களைப் புதிதாகத் திறந்த பிரெஞ்சு ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அவர் பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர்.

அங்கே பரிமாறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, இடுப்பில் கறுப்பு ஏப்ரன். எதைக் கேட்டாலும் குனிந்து, காதருகில்தான் கேட்பார்.

"மருந்தடிக்காத நெல்லு மாதிரி, இது மருந்து கலக்காத வைன் சம்பந்தி. வடிகட்டல, கலங்கலாத்தான் இருக்கும். ஒரு வாய் குடிங்க, அப்புறம் தேதி பேசுவோம்" என்றார் பெண்ணின் அப்பா.

என் கணவர் முகம் வெளுத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அவர் குடியை விட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குடிகாரர் என்று தெரிந்தால் சம்பந்தம் என்னாகும்?

பரிமாறியவர் என்னிடம் குனிந்தார். "அய்யாவுக்கு ஊத்தலாங்களாம்மா?"

"திராட்சை ரசம் எங்களுக்குப் பூசையில மட்டுந்தாங்க" என்றேன். 

"அப்ப எங்க சாப்பாட்டுக்கு வச்ச மிளகு ரசம் கொண்டாரேன். அதுவும் கலங்கல்தானே."

அதே கண்ணாடி கிளாஸில் ரசம் வந்தது. ஒரு வாய் குடித்ததும் என் கணவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"இது ரசம் சம்பந்தி. நான் குடிச்சுக் கெட்டவன். இப்ப தொடுறதில்ல."

 பெண்ணின் அப்பா தன் கிளாஸைத் தள்ளி வைத்தார். "எனக்கும் அதையே ஊத்துங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. பரிமாறிய அந்த மனிதரின் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. ஜெபமாலை சொல்லும்போது அவருக்காக "காரைக்கால்காரர்" என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். மாதாவுக்கு ஆள் தெரியும்.