நான் மாற்றிச் சொன்ன வசவுகள்

மாநில எல்லைகளைப் பிரித்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஓசூர் நம் பக்கம்தான் என்று முடிவாகி, ஊரில் அந்தப் பேச்சும் அடங்கியிருந்தது. எனக்கு இருபது வயது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு காய்கறி மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தேன். இன்று கம்பெனிச் சங்கு ஊதுகிற இடமெல்லாம் அப்போது ராகிக் கொல்லையும் அவரைக் கொல்லையும்தான்.

இந்தக் கதையை என் பிள்ளைகள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "எழுதிக் கொடுங்கப்பா, நான் பள்ளிக்கூடத்துல காட்டணும்" என்று சின்னவள் பிடிவாதம் பிடித்ததால் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மத்தூர்ப் பக்கம் பிறந்தவன், வீட்டில் தமிழ்தான். ஆனால் ஓசூரில் ஏலம் கூவ ஒரு பாஷை போதாது. தமிழில் விலையை ஆரம்பித்து, தெலுங்கில் ஏற்றி, கன்னடத்தில் முடிக்க வேண்டும். அப்படிக் கூவிக் கூவியே மூன்றும் என் நாக்கில் ஏறிவிட்டன. அதனால்தான் எங்கள் மண்டிக்காரர்கள் தேர்த் திருவிழாவில் போடும் நாடகத்தில் எனக்குத் தரகர் வேஷம் கிடைத்தது.

அது ரொம்பப் பழைய சிரிப்பு நாடகம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் அப்பாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். பெண்ணின் அப்பாவுக்குக் கன்னடம் மட்டும். இரண்டு பேருக்கும் பார்த்த மாத்திரத்தில் ஆகாது. நடுவில் தரகர் உட்கார்ந்து ஒருவர் பேசுவதை அடுத்தவருக்கு மாற்றிச் சொல்வார். பிள்ளையின் அப்பா, "இந்தாளு மூஞ்சியப் பார்த்தா எருமைகூடத் தண்ணி குடிக்காது" என்பார். தரகர் கன்னடத்தில், "உங்க முகத்தைப் பார்த்ததுமே எங்க ஐயாவுக்குத் தாகம் அடங்கிப்போச்சாம்" என்பார். பெண்ணின் அப்பா, "இவன் வீட்டுல பொண்ணைக் குடுக்கறதுக்குக் கிணத்துல தள்ளலாம்" என்பார். தரகர் தமிழில், "உங்க வீட்டுக் கிணறு வத்தாத கிணறாமே, பொண்ணுக்குத் தண்ணிக் கஷ்டம் இல்லைன்னு சந்தோஷப்படறாரு" என்பார். இப்படியே போய்த் தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும்.

அந்த வருஷம் சேலம் பக்கத்திலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர் நாடகம் பார்க்க வந்திருந்தார். படம் இயக்குகிறவர். மறுநாள் காலையில் மண்டிக்கே வந்துவிட்டார். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, உங்க நாடகத்தைப் படமா எடுக்கப் போறேன். ஆனா ரெண்டு கிழவனுங்க சண்டைய எவன் காசு குடுத்துப் பார்ப்பான்? இந்தக் காலத்துப் பிள்ளைங்க கதையா மாத்தப் போறேன். பையன் இப்பத்தான் பள்ளிக்கூடம் முடிச்சவன், சைக்கிள்ல சுத்தறவன். பொண்ணு இன்னும் படிக்குது" என்றார்.

"மேடைக்கு அந்தப் பொண்ணும் பையனும் வரவே மாட்டாங்களே ஐயா?" என்றேன்.

"அதனாலதான் தரகரை எடுத்துட்டேன். அப்பனுங்க சண்டைய அந்தப் பையனே மாத்திச் சொல்றான். அவனே தரகன், அவனே மாப்பிள்ளை. எப்படி?"

என் வேஷத்தையே தூக்கிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பையனாக நடிக்க வந்தவருக்குத் தரகர் பேச்சைச் சொல்லிக்கொடுக்க என்னையே வைத்துக்கொண்டார். அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பெண்ணாக நடிக்க வந்தவளுக்குத் தமிழ் தெரியாது.

அவளுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். மைசூர்ப் பக்கத்து நாடகக் கம்பெனிப் பெண். கூட அவள் அம்மாவும் வந்திருந்தார். குரலைப் பிறகு வேறொருத்தி கொடுப்பாள், முகபாவம் வந்தால் போதும் என்று ஏற்பாடு. இயக்குநர் தமிழில் சொல்வதை நான் அவளுக்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் வேலை ஆரம்பமானது. வந்திருந்த ஆட்கள் எல்லோரும் சேலத்துக்காரர்கள். ஒருவருக்கும் கன்னடம் தெரியாது. முதல் நாளே இயக்குநர் கத்தினார். "மரக்கட்டைய வெளியில போட்டாக்கூட மழைக்கு நாலு காளான் முளைக்கும்! இந்தப் பொண்ணு மூஞ்சில ஒண்ணும் முளைக்க மாட்டேங்குதே!"

அவள் என்னைப் பார்த்தாள். "ஏனு ஹேளித்ரு, அண்ணா?" என்று கேட்டாள். என்ன சொன்னார் என்று அர்த்தம்.

அப்படியே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காட்சிக்காகக் கையில் கொடுத்திருந்த பாடப் புத்தகத்தை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் வாயில் தரகர் வந்து உட்கார்ந்துகொண்டார். "மழை பெஞ்சா மண்ணுல மெல்ல மெல்லத் துளிர் வருமே, அந்த மாதிரி உங்க முகம் மெல்ல மலரணும்னு சொல்றாரு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்த தடவை கொஞ்சம் நன்றாகவே வந்தது.

"பார்த்தீங்களாய்யா? நாலு போடு போட்டாத்தான் வேலை நடக்குது!" என்றார் இயக்குநர். அன்றிலிருந்து இன்னும் அதிகமாகத் திட்ட ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. கதையில் ஏதோ ஒன்று கூடிவரவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அது என்னவென்று தெரியவில்லை. அந்த ஆத்திரமெல்லாம் அவள் மேல் விழுந்தது. உரல் என்றார், உலக்கை என்றார், உப்பில்லாக் களி என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் என் பக்கம் திரும்பி, "ஏனு ஹேளித்ரு, அண்ணா?" என்பாள். நானும் ஒவ்வொரு வசவையும் கழுவித் துடைத்துப் பூ வைத்துக் கொடுப்பேன். நம் சாமர்த்தியத்தால் ஒரு பெண் அழாமல் இருக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கடைசி நாள் படப்பிடிப்பு சந்தையில். இரண்டு அப்பாக்களும் சண்டை போட, பையன் மாற்றிச் சொல்ல, அந்தப் பெண் அவனை ஒரே ஒரு பார்வை பார்க்க வேண்டும். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. காலையிலிருந்து எடுத்தும் அந்தப் பார்வை வரவில்லை.

மத்தியானம் வேனுக்குப் பின்னால் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார். மகளின் செருப்பு புழுதியாகக் கூடாது என்று அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாடகக் கம்பெனில சொல்லிக்காம கிளம்பி வந்துட்டோம், தம்பி. திரும்பிப் போனா சேர்த்துக்க மாட்டாங்க. இவளை அனுப்பிடுவாங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். "அதெல்லாம் அனுப்ப மாட்டாங்கம்மா" என்றேன். அதுவும் தரகர் பேச்சுதான். இன்றைக்கு வெளிச்சம் இறங்குவதற்குள் அந்தப் பார்வை வராவிட்டால் வேறு பெண்ணை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான் என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன்.

வெயில் சாய ஆரம்பித்தது. சந்தை ஜனம் எங்களைச் சுற்றி நின்றது. இன்னொரு தடவை எடுத்தார்கள். வரவில்லை. இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"போதும்! மூட்டையக் கட்டச் சொல்லு! இந்த மூஞ்சிய வச்சு நான் காதல் படம் எடுத்தா ஜனங்க கொட்டகைக்கே தீ வச்சிருவாங்க!"

"ஏனு ஹேளித்ரு, அண்ணா?"

நான் யோசிக்கவே இல்லை. "உங்க முகம் திரையில வந்தா கொட்டகையே ஜெகஜ்ஜோதியா எரியுமாம். அதனால இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்றாரு" என்றேன்.

அவ்வளவுதான். சந்தையே சிரித்தது. நான் மறந்தே போயிருந்தேன், இது பங்களா இல்லை, ஓசூர்ச் சந்தை. அங்கே கத்தரிக்காய் விற்கிறவளுக்கும் மாடு பிடித்து நிற்கிறவனுக்கும் இரண்டு பாஷையும் தெரியும்.

"அடேய், இவன் தேர்த் திருவிழாத் தரகன்டா!" என்று ஒருவன் கத்தினான்.

"என்னாய்யா சிரிப்பு?" என்று இயக்குநர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

வேர்க்கடலை விற்கும் அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க தீ வைக்கறீங்க சாமி, இந்தத் தம்பி அதுல வெளக்கு ஏத்துது!"

இயக்குநர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளும் இப்படித்தானா?"

"ஆமாங்க ஐயா."

அவர் என்னை நோக்கி வந்தார். கன்னத்தில் விழப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சத்தமாக, மூச்சு விடாமல், கன்னடத்தில் ஏதேதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றார் இயக்குநர்.

அவள் சொன்னதெல்லாம் என்னைப் பற்றி. அதை என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

"சொல்லுப்பா! மாத்தாம சொல்லு!" என்றது கூட்டம். "ஒரு வார்த்தை கொறைஞ்சாலும் நாங்க சொல்லிருவோம்!"

வேறு வழியில்லாமல் சொன்னேன். "நான் அவங்களை ஏமாத்தலைங்கறாங்க, ஐயா. முதல் நாளே தெரியுமாம். ஐயா முகம் செவந்து, கழுத்து நரம்பு பொடைச்சு நிக்கறப்ப, அந்த வாயிலருந்து துளிரும் பூவுமா வார்த்தை வருமான்னு கேக்கறாங்க. திட்டுதான்னு பாஷை தெரியாமலே புரிஞ்சுதாம். அப்புறமும் என்ன சொன்னாருன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டது..." நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடலைக்கார அம்மா, "ம், சொல்லு" என்றாள். "இந்த அண்ணா இதை என்ன சொல்லி மாத்தப்போறாருன்னு கேக்கறதுக்குத்தானாம். அது ஒண்ணுக்காகத்தான் இத்தனை நாள் அழாம நின்னேங்கறாங்க."

இயக்குநர் குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டே நின்றார். புழுதி போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப, தெரிஞ்சுதான் தெரியாத மாதிரி இருந்தியாம்மா?" என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன்.

"நனகே கொத்து" என்றாள். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"இதுதான்யா!" என்றார் இயக்குநர். இந்தத் தடவை கத்தவில்லை. "மேடையில ஏமாறறவங்களப் பார்த்துச் சிரிச்சோம். படத்துலயும் அவளை ஏமாந்தவளாவே நிக்க வச்சுட்டேன். அவ ஏமாறவே கூடாது. பையன் பொய் சொல்றான்னு அவளுக்குத் தெரியணும். எதுக்காகச் சொல்றான்னும் தெரியணும். அப்பத்தான்யா அது காதல்!"

பிறகு என்னைப் பார்த்து, "அவகிட்டச் சொல்லு... நான் பேசினதுக்கெல்லாம்..." என்று இழுத்தார்.

"அப்படியே சொல்லட்டுங்களா, மாத்திச் சொல்லட்டுங்களா ஐயா?" என்றேன். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ! கூட்டம் மறுபடி சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "மாத்தியே சொல்லுடா. என் வாயில நல்லதா வராது."

மன்னிச்சுக்கம்மா என்கிறார் என்று அவளிடம் சொன்னேன்.

வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நாடகத்தில் வரும் அந்தத் தாகம் அடங்கிய பேச்சைக் கன்னடத்தில் சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். அவள் பார்த்தாள். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. அவள் அம்மா மடியில் இருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை பெங்களூர் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். "போய்ட்டு வரேன், அண்ணா" என்று தமிழில் சொன்னாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ! அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

படம் வந்தது. கிருஷ்ணகிரிக் கொட்டகையில் ஒரு வாரம் ஓடியதோ என்னவோ. சந்தைக் காட்சியில் ஜனங்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தப் பார்வை வந்ததும் கொட்டகை சட்டென்று அமைதியாகிவிட்டது. கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு சின்னச் சண்டை. சமையலறையிலிருந்து அம்மா சின்னவளிடம், "உங்கப்பன் வந்தா திங்கட்டும், இல்லன்னா பட்டினி கெடக்கட்டும்னு போய்ச் சொல்லு" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. சின்னவள் வாசலுக்கு ஓடி வந்தாள். "அப்பா, நீங்க வராம அம்மாவுக்குச் சோறு எறங்கலையாம்" என்றாள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி, அம்மா என்ன சொன்னாள் என்று இன்னொரு தடவை அவளைச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கை கழுவ எழுந்தேன். அந்தப் பெண் ஏன் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.